8 கன அடிக்குப் பணம் கட்டினேன், கைக்கு வந்தது 5.33. மீதி மரம் எங்கே போனது?

கடையநல்லூர்_புதுவீடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கதவு நிலைகளுக்குத் தேக்கு வாங்கப் போன மாதம் ஒரு மரவாடிக்குப் போனேன். அறுத்த சட்டமாக எடுத்தால் கன அடி 5,400 ரூபாய், தடியாக எடுத்தால் 3,500 ரூபாய் என்றார்கள். இவ்வளவு வித்தியாசமா என்று தடியாகவே எடுத்துவிட்டேன்.

தடியின் நடுவில் டேப் வைத்தார்கள்: சுற்றளவு 48 அங்குலம். நீளம் 8 அடி. பில்லில் 8 கன அடி, 28,000 ரூபாய். பிறகு அறுப்பு மில்லில் 800 ரூபாய் கூலி. அங்கிருந்து எனக்குக் கிடைத்தவை 4-க்கு 3 அங்குலச் சட்டம் ஏழு, ஒரு அங்குலக் கனத்தில் 6 அங்குல அகலப் பலகை இரண்டு. எல்லாமே 8 அடி நீளம்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அகலம் × கனம் (இரண்டும் அங்குலத்தில்) × நீளம் (அடியில்) ÷ 144. ஒரு சட்டம் 0.667 கன அடி, ஏழுக்கு 4.67. பலகை இரண்டும் சேர்ந்து 0.67. ஆக மொத்தம் 5.33 கன அடி. 2.67 கன அடியைக் காணோம். 3,500 வீதத்தில் அது 9,333 ரூபாய்.

இது போதாதென்று டிப்ளமோ சிவில் படித்த என் மைத்துனர் வேறு ஒன்று சொல்கிறார். 48 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள உருளையின் கன அளவு 8 அல்ல, 10.19 கன அடியாம். அப்படியானால் மரவாடிக்காரர் எனக்கு 2 கன அடியை இனாமாகக் கொடுத்தாரா? இனாம் கொடுக்கும் மரவாடியை நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது விளக்குங்கள்.

---

ஓய்வுபெற்ற_கணக்கர்

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் மரவாடியில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன். பில்லில் போட்ட 8 என்ற எண்ணில் ஏமாற்று இல்லை. ஏமாற்று இருந்தால் அது டேப் வைத்த இடத்தில் இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாடியில் டேப் கிடையாது. சணல் கயிறுதான். தடியின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேரும் இடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை உருவுவோம். அதை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, அடிக்கோலின் மேல் வைப்போம். மடித்த கயிறு எத்தனை அங்குலமோ அதுதான் அந்தத் தடியின் 'பக்கம்'. அதாவது உருண்டைத் தடியைச் சதுரக் கட்டையாகப் பாவித்துக்கொள்கிறோம். எங்கள் வாடியில் இதற்குக் கால்சுற்றுக் கணக்கு என்று பெயர்.

உங்கள் தடிக்கு 48-ல் கால் 12. 12 × 12 × 8 ÷ 144 = 8. மைத்துனர் சொன்ன 10.19-உம் சரிதான், அது உண்மையான உருளை அளவு. அதில் கால்சுற்றுக் கணக்கு 78.5 சதவீதத்தை மட்டும்தான் காட்டும். விட்டுப்போன 21.5 சதவீதம் உங்களுக்குக் கிடைத்த இனாம் அல்ல. தடியைச் சதுரமாக்கும்போது நான்கு பக்கமும் சீவிப் போகிற ஓரப்பலகைக்கு முன்கூட்டியே விட்ட கழிவு.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அல்ல. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற லண்டன் அளவையாளர் 1736-ல் வெளியிட்ட வாய்ப்பாட்டுப் புத்தகத்திலிருந்து வந்த பழக்கம். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் கயிறு இன்னும் நம் வாடிகளில் இருக்கிறது.

---

கோவை_பொறியாளர்

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹாப்பஸ் விட்ட கழிவு போதாது.

48 அங்குலச் சுற்றளவுக்கு விட்டம் 15.28 அங்குலம். கால்சுற்றுக் கணக்கு கற்பனை செய்யும் சதுரத்தின் பக்கம் 12 அங்குலம், அதன் மூலைவிட்டம் 16.97. தாளில் வரைந்து பாருங்கள், அந்தச் சதுரம் அந்த வட்டத்துக்குள் அடங்காது. நான்கு மூலையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூலை மழுங்காமல் எடுக்கக்கூடிய பெரிய சதுரத்தின் பக்கம் 10.8 அங்குலம்தான். அதன் கன அளவு 6.48.

ஆகவே பில்லில் எழுதிய 8 கன அடிக்கு முழுதாக ஒரே கட்டை எடுப்பது எந்த மில்லாலும் ஆகாத காரியம். 6.48-லிருந்தும் வாள் தன் பங்கை எடுக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறக்குறைய ஒரு நூல் தடிமன் மரம் தூளாகப் போகிறது. (நூல் தெரியாதவர்களுக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.2 மி.மீ.) நுனிப் பக்கம் நடுவைவிட ஒடுங்கியிருக்கும். இத்தனைக்கும் பிறகு உங்களுக்கு 5.33 வந்திருக்கிறது. உண்மையான உருளையில் அது 52 சதவீதம். அறுத்தவரைக் குறை சொல்ல முடியாது.

---

சந்தேகப்_பேர்வழி

வடிவியல் எல்லாம் இருக்கட்டும். பணத்தைப் பாருங்கள். தடிக்கு 28,000, அறுப்புக்கூலி 800. மொத்தம் 28,800. அதை 5.33 ஆல் வகுங்கள்.

5,400 ரூபாய்.

மரவாடிக்காரர் முதல் நாளே உங்களிடம் சொன்ன அறுத்த சட்டத்தின் விலை. அவர் இந்தக் கணக்கைப் பல வருடங்களாகப் போடுகிறார், நீங்கள் ஒரு இரவு போட்டீர்கள். தடிக் கன அடியும் சட்டக் கன அடியும் ஒரே பெயரில் திரியும் இரண்டு வெவ்வேறு அளவுகள். பெயர் ஒன்றாக இருப்பதால் 3,500-ஐயும் 5,400-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டீர்கள்.

---

கடையநல்லூர்_புதுவீடு

வண்டி வாடகை 600 ரூபாய் தனி. வயிறு எரிகிறது, இருந்தாலும் நன்றி.

---

ஓய்வுபெற்ற_கணக்கர்

வயிறு எரியட்டும், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஓரப்பலகை என்ன ஆயிற்று?

---

கடையநல்லூர்_புதுவீடு

மில்லிலேயே விட்டுவிட்டு வந்தேன் ஐயா. விறகுதானே என்று நினைத்தேன்.

---

ஓய்வுபெற்ற_கணக்கர்

தேக்கு ஓரப்பலகையை விறகு என்று விட்டுவிட்டு வந்த ஆளை இன்றுதான் பார்க்கிறேன். வெள்ளையை (வெளிப்புற இளமரம்) நீக்கிவிட்டு வைரத்தை (உள்மரம்) மட்டும் எடுத்தால்கூட ஜன்னல்களுக்குப் பீடிங் (மெல்லிய ஓரச் சட்டம்) ஓட்டியிருக்கலாம். தடியாக வாங்குவதில் ஒரே லாபம் அதுதான், அதையும் விட்டீர்கள்.

சரி, டேப் விஷயத்துக்கு வருகிறேன். அளந்தது பட்டையோடா, பட்டை நீக்கியா? தேக்குப் பட்டை மூன்று நூல் கனம் இருந்தால்கூடச் சுற்றளவில் 2.36 அங்குலம் கூடும். அதாவது 48 என்று அளந்த தடியின் மரம் 45.64 தான். கால்சுற்று 11.41. கன அடி 7.23. முக்கால் கன அடி பட்டைக்கு 3,500 வீதம் கொடுத்திருப்பீர்கள். பட்டையை அடுப்பில்கூட வைக்க முடியாது, புகைதான் வரும்.

இன்னொன்று, நடு என்றால் நடுவேதான். அடிப் பக்கமாக இரண்டு அடி தள்ளி டேப் வைத்தால் சுற்றளவு இரண்டு மூன்று அங்குலம் ஏறிவிடும். சுற்றளவைச் சதுரிப்பதால் அந்தப் பிழை கன அடியில் இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

---

ஈப்போ_தமிழன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதைவிடக் குழப்பம். எங்கள் மர வியாபாரத்தில் 'டன்' என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் அதை எடை என்று நினைத்து லாரிக்குப் பாரம் கணக்குப் போடுவான். டன் என்பது இங்கே எடை இல்லை, 50 கன அடி. அறுத்த மெரந்தியோ கெம்பாஸோ, ஒரு டன் என்றால் 1.416 கன மீட்டர்.

ஆனால் உருட்டுத் தடிக்கு ஹாப்பஸ் டன். அதுவும் 50 அடிதான், ஆனால் ஹாப்பஸ் அடி, அதாவது கால்சுற்றுக் கணக்கில் வரும் கன அடி. உண்மையான கன அளவில் அது 63.66 கன அடி, 1.8027 கன மீட்டர். ஆக காட்டிலிருந்து வந்த 100 டன் தடியையும் மில்லிலிருந்து வெளியே போகும் 60 டன் சட்டத்தையும் வைத்துக்கொண்டு 60 சதவீதம் தேறியது என்று ஒருவர் மார்தட்டினால், உண்மையில் தேறியது 47 சதவீதம்.

என் தாத்தா தோட்டத்திலிருந்து மில்லுக்கு வேலைக்கு வந்தவர். கன மீட்டரை ஹாப்பஸ் அடியாக மாற்ற 27.74 என்ற எண்ணைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். உண்மையான கன அடியாக மாற்றும் 35.31 என்ற எண் அவருக்குத் தெரியவே தெரியாது.

---

தூத்துக்குடி_பைன்

ஈப்போ அண்ணன் சொன்ன அந்த இரண்டு எண்களுக்கிடையில் மாட்டிக்கொண்டு முதல் சரக்கிலேயே நான் நஷ்டப்பட்டேன். நியூசிலாந்து ரேடியாட்டா பைன் தடி. விற்பவர் ஜே.ஏ.எஸ். கன மீட்டரில் விலை சொன்னார். நான் அதை 35.31 ஆல் வகுத்துக் கன அடி விலையைக் கண்டுபிடித்து, கால்சுற்றுக் கணக்கில் வாங்கும் உள்ளூர் மில்காரர்களிடம் விலை பேசிவிட்டேன். சரக்கு வந்து அளந்தபோது தலை சுற்றியது.

ஜே.ஏ.எஸ். என்பது ஜப்பானிய வேளாண் தரநிலை. 6 மீட்டருக்குக் குறைவான தடியில் நுனிப் பக்க விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதைச் சதுரித்து, மீட்டரிலுள்ள நீளத்தால் பெருக்கி 10,000 ஆல் வகுப்பார்கள். பை (π) என்ற எண்ணே வராது.

ஒரே ஒரு தடியை எடுத்துக்கொள்ளுங்கள். நுனி விட்டம் 30 செ.மீ., நடு விட்டம் 32, நீளம் 4 மீட்டர்.

ஜே.ஏ.எஸ்.: 30 × 30 × 4 ÷ 10,000 = 0.36 கன மீட்டர். 12.7 கன அடி.
நடு விட்டத்தை வைத்து உண்மையான உருளை: 0.322 கன மீட்டர். 11.4 கன அடி.
கால்சுற்று: சுற்றளவு 100.5, அதில் கால் 25.1 செ.மீ. 0.253 கன மீட்டர். 8.9 கன அடி.

நான் 12.7-க்கு வாங்கி 8.9-க்கு விற்றேன். வழியில் யாரும் திருடவில்லை. துறைமுகத்தில் என்ன அளவு இறங்கியதோ அதேதான் மில்லுக்கும் போனது.

ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஹாப்பஸும் ஜப்பான்காரரும் ஒரே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். இருவருமே உருண்டையைச் சதுரமாக்குகிறார்கள். ஒருவர் சுற்றளவில் கால்பங்கைச் சதுரத்தின் பக்கமாக எடுக்கிறார், அது வட்டத்தைவிடப் பரப்பில் சிறிய சதுரம். மற்றவர் விட்டத்தையே பக்கமாக எடுக்கிறார், அது வட்டத்துக்கு வெளியே நிற்கும் சதுரம். நுனியில் அளப்பதால் அடிப் பக்கப் பருமன் விட்டுப்போகிறது அல்லவா, அதை ஈடுகட்டும் வழி அது.

இப்போது விலை சொல்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே டேப் வைத்தீர்கள்?'. கன மீட்டரா கன அடியா என்பது அதற்கு அப்புறம்தான்.

---

டல்லாஸ்_தச்சன்

அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்கிறேன். இங்கே கடினமரப் பலகையைப் போர்டு அடியில் விற்கிறார்கள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலக் கனம். பன்னிரண்டு போர்டு அடி ஒரு கன அடி. ஆகவே கன மீட்டருக்கு 423.8 போர்டு அடி.

வீடு கட்டும் மரத்தில்தான் சூது. 2-க்கு 4 என்று விற்பது உண்மையில் 1½-க்கு 3½ அங்குலம். ஆனால் போர்டு அடிக் கணக்கு 2-க்கும் 4-க்கும் போடப்படுகிறது. வாய்ப்பாட்டின்படி 1,000 போர்டு அடி 2.36 கன மீட்டர். அத்தனையும் 2-க்கு 4 ஆக வாங்கினால் கையில் இருக்கும் மரம் 1.55 கன மீட்டர்தான்.

---

செங்கோட்டை_ஆசாரி

அமெரிக்கா வரை போவானேன். நிலைக்கு 4-க்கு 3 என்று எழுதிக் கொடுக்கிறோம். இழைத்து முடித்தால் 3¾-க்கு 2¾. பரப்பில் 12 இருந்த இடத்தில் 10.3 தான் மிச்சம். நூற்றுக்கு பதினான்கு இழைப்புச் சுருளாகத் தரையில் கிடக்கும். வீட்டுக்காரர் வந்து டேப் வைத்துப் பார்த்துவிட்டு என்னை முறைப்பார். அறுப்பு அளவுக்குத்தான் பணம், இழைத்த அளவுக்கு இல்லை என்பதை நிலை நிறுத்துகிற நாளில் சொன்னால் சண்டை வரும். மரம் எடுக்கப் போகும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

---

நாகர்கோவில்_அறைகலன்

தடிக்குச் சொன்னீர்கள், பிளைவுட்டுக்கும் யாராவது சொல்லுங்கள். சிறிய அறைகலன் பட்டறை வைத்திருக்கிறேன். வழக்கமாகச் சதுர அடி விலையில்தான் வாங்குவேன். இந்த முறை பெரும்பாவூர் பக்கத்திலிருந்து 18 மி.மீ. ஷீட் 5 கன மீட்டர் எடுத்தேன். எங்கள் ஆசாரி மனக்கணக்காகச் சொன்னார்: ஆறு நூல் ஷீட், 32 சதுர அடி, ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம், ஆக ஷீட்டுக்குச் சரியாக 2 கன அடி. 5 கன மீட்டர் 176½ கன அடி. 88 ஷீட் வரும் என்றார். லாரியில் 93 வந்தது. ஐந்து ஷீட் கூடுதலாக அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று வாய் திறக்காமல் இறக்கிக்கொண்டேன்.

---

கோவை_பொறியாளர்

வாய் திறக்காதது நல்லதுதான், ஏனென்றால் அவர்கள் கூடுதலாக எதுவும் அனுப்பவில்லை.

ஆறு நூல் என்பது 19.05 மி.மீ. நீங்கள் வாங்கியது 18. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். 2.44 × 1.22 மீட்டர் ஷீட்டில் 18 மி.மீ.க்கு 0.0536 கன மீட்டர், அதாவது 1.89 கன அடி. கன மீட்டருக்கு 18.66 ஷீட். ஆசாரி கணக்கில் 17.66. கன மீட்டருக்குச் சரியாக ஒரு ஷீட் வித்தியாசம், ஐந்துக்கு ஐந்து.

பலகை வகைகளுக்கு ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 10,764. அதை மி.மீ. தடிமனால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை சதுர அடி என்று வரும். 18-க்கு 598, 12-க்கு 897, 6-க்கு 1,794. எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இப்போது வெர்னியர் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) இருந்தால் எடுத்து நாலு ஷீட்டின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

---

நாகர்கோவில்_அறைகலன்

பார்த்தேன். பத்து ஷீட்டில் மூன்று மூன்று இடங்களில் வைத்தேன். 17.0, 17.4, 17.1 என்று ஓடுகிறது. சராசரி 17.2.

---

கோவை_பொறியாளர்

93 ஷீட் × 2.977 சதுர மீட்டர் × 0.0172 = 4.76 கன மீட்டர். நீங்கள் 5-க்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். ஏறக்குறைய நான்கு ஷீட்டுக்கான மரம் குறைகிறது. எண்ணிக்கை சரியாக இருப்பதால் புகார் சொல்லவும் கஷ்டம். ஐ.எஸ். 303 தரநிலையும் தடிமனில் கூடக்குறையச் சிறிது இடம் கொடுக்கிறது. அந்த இடத்தின் கீழ் எல்லைக்குப் பக்கத்திலேயே ஆலைகள் நின்றுகொள்கின்றன, மேல் எல்லைக்குப் போன ஷீட்டை நான் பார்த்ததில்லை. அடுத்த முறை சதுர அடி விலைக்கே போங்கள், தடிமனை வெர்னியரில் பார்த்த பிறகு.

---

டல்லாஸ்_தச்சன்

இங்கே ஆலைகள் பிளைவுட் உற்பத்தியை மூன்று நூல் தடிமனுக்கு மாற்றித்தான் கணக்குச் சொல்கின்றன. நூல் என்ற வார்த்தைதான் அவர்களிடம் இல்லை, எட்டில் மூன்று அங்குலம் என்பார்கள். அந்தத் தடிமனில் ஆயிரம் சதுர அடி 0.885 கன மீட்டர்.

---

கடையநல்லூர்_புதுவீடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மீதி நிலைகளுக்கு இந்த முறை அறுத்த சட்டமாகவே எடுத்தேன், வேறு வாடியில். 4-க்கு 3, 8 அடி நீளம், 12 சட்டம். பில்லில் மறுபடியும் 8 கன அடி! எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பையிலிருந்து டேப்பை எடுத்தேன். கடைப்பையன் முகம் மாறியது. ஒவ்வொரு சட்டமாக இரண்டு முனையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தேன். 4 அங்குலம் என்றது 3 அங்குலம் 6 நூல். 3 என்றது 2 அங்குலம் 7 நூல். இழைக்காத மரம்தான், வாளின் பல் தடம் குறுக்கே வரிவரியாகத் தெரிகிறது. ஆக இழைப்பில் போனது என்று சொல்ல வழியில்லை. 3.75 × 2.875 × 8 ÷ 144, அதைப் பன்னிரண்டால் பெருக்கி 7.19 என்று பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'மரத்துக்கெல்லாம் நூல் பார்க்கக் கூடாது தம்பி' என்றார். பிளைவுட்டுக்கு மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 8-ஐ அடித்து 7.25 என்று எழுதிக் கொடுத்தார்.

---

ஓய்வுபெற்ற_கணக்கர்

7.19-ஐ 7.25 ஆக்கிவிட்டார், பார்த்தீர்களா. நானாக இருந்தால் 7½ என்று எழுதியிருப்பேன்.